டியூபுக்குள் யாரைத் தேடுகிறார்கள்? – வாசகர் கேள்வி, லேப் மேடம் பதில்

போன இதழில் காய்ச்சலுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி எழுதும்போது, "இப்போது இதற்கெல்லாம் நானோ துகள் வந்துவிட்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பாதிக்கு மேல். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். இந்தத் தடவை முழுக்க ரத்தமும் துகளும்தான். (நானோ துகள் என்றால், நானோமீட்டரில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், அளக்கும் அளவுக்குப் பொடியான துகள்.)

கேள்வி: சர்க்கரை, கொலஸ்ட்ரால், யூரியா எல்லாம் சாதாரண மெஷினிலேயே தெரிகிறது. நோயின் அடையாளமும் அதே ரத்தத்தில்தானே இருக்கிறது? அதைப் பார்க்க மட்டும் எதற்குத் தனியாக நானோ?
– ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்

கணக்காளர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் சர்க்கரை ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருக்கும். ஆல்புமின் என்ற புரதம் சுமார் 40 மில்லிகிராம். இரண்டையும் பார்க்க மெஷினுக்குச் சிரமமே இல்லை. இப்போது இன்டர்லூக்கின்-6 என்று ஒரு புரதம். உடம்பில் அழற்சி இருந்தால் கூடும். ஆரோக்கியமான ஒருவருக்கு இது ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம்தான். பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஐந்து பிகோகிராம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்: ஆல்புமின் அதைவிட 800 கோடி மடங்கு. உலக மக்கள் தொகையும் கிட்டத்தட்ட அதே 800 கோடி. அத்தனை பேரும் ஒரே மைதானத்தில் நிற்க, அதில் ஒருவரை மட்டும் கையைப் பிடித்து அழைத்து வரச் சொல்வது போன்ற வேலை இது.

ஆல்புமின் மட்டும்தான் தொந்தரவு என்றில்லை. ரத்த நீரில் இருக்கும் புரத எடையில் 99 சதவீதத்தை ஏறக்குறைய 22 புரதங்களே எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இதயத் தசையிலிருந்து கசிந்த ட்ரோபோனின், கட்டியிலிருந்து உதிர்ந்த ஏதோ ஒரு துணுக்கு எல்லாம் அங்கேதான்.

ஆனால் ஒன்று. நானோ வருவதற்கு முன்பு எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்துப் பார்க்கும் எலைசா முறை 1971லேயே வந்துவிட்டது. அதுவும் பிகோகிராம் வரைக்கும் இறங்கிப் பார்க்கும். நானோ துகள் தேவைப்படுவது அதற்கும் கீழே போகும்போது, அல்லது பெரிய மெஷின் இல்லாத இடத்தில் பார்க்க வேண்டியிருக்கும்போது, அல்லது எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடும்போது. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கீழே வருகிறேன்.

கேள்வி: அந்தத் துகள் ரத்தத்துக்குள் போய் என்னதான் செய்கிறது?
– பத்தாம் வகுப்பு மாணவி

முதலில் ஒரு விஷயம், அம்மா. அது உன் உடம்புக்குள் இருக்கும் ரத்தத்துக்குப் போவதில்லை. டியூபில் எடுத்து வைத்த ரத்தத்துக்குத்தான்.

அங்கே அதற்கு இரண்டு வேலை கொடுக்கலாம். ஒன்று, பிடித்து இழுப்பது. இரண்டு, பிடித்ததை நம் கண்ணுக்குக் காட்டுவது. சில துகள் இரண்டையும் செய்யும், சில ஒன்றை மட்டும்.

பிடிப்பதற்கு ஏன் அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று உங்கள் அறிவியல் டீச்சர் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே 20 நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 300 சதுர மீட்டர் ஆகிவிடும். பொருள் அதே அளவுதான், ஒட்டுவதற்கான இடம் மட்டும் 5 லட்சம் மடங்கு. அந்த இடம் முழுக்க, நாம் தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடிகளைப் பதித்துவிடுவார்கள். ஒரு ஆன்டிபாடி சுமார் 10 நானோமீட்டர் நீளம், ஒரு சிவப்பணு சுமார் 7,000 நானோமீட்டர் அகலம். துகளும் ஆன்டிபாடியும் ஏறக்குறைய ஒரே உயரத்து ஆட்கள்.

பிடித்தாயிற்று, வெளியே எப்படி எடுப்பது? துகளை இரும்பு ஆக்சைடில் செய்தால் டியூபுக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் போதும். எல்லாம் ஓரமாக வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றதை உறிஞ்சி எறிந்துவிட்டு, நன்றாகக் கழுவிவிடலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண இரும்புத் தூளைக் காந்தத்துக்குக் காட்டினால் அப்புறம் அது தானே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆனால் இரும்பு ஆக்சைடை ஏறக்குறைய 20 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால், காந்தம் இருக்கும்வரை காந்தமாக நடந்துகொள்ளும், எடுத்தவுடன் மறந்துவிட்டு மறுபடியும் நீரில் பிரிந்துவிடும். இந்த மறதி இல்லை என்றால் இந்த வேலையே நடக்காது. அப்படிப்பட்ட குட்டித் துகள்கள் நிறையவற்றை ஒரு பிளாஸ்டிக் மணிக்குள் பொதிந்தும் செய்வார்கள். நார்வேயைச் சேர்ந்த ஜான் உகெல்ஸ்டாட் 1970களில் எல்லாம் ஒரே அளவில் இருக்கும் மணிகளைச் செய்து காட்டிய பிறகுதான் இது லேப்களில் அன்றாட வேலையானது.

ஆன்டிபாடிதான் வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இரும்பு ஆக்சைடுத் துகளின் மேல் பெப்டைடு என்ற ஒரு சின்னப் புரதத் துண்டைப் பதித்து, சீரத்திலிருந்து (ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் நீரிலிருந்து) ட்ரோபோனினை மட்டும் தூக்கி எடுத்தது. 2020இல் வெளியான வேலை. ஆல்புமினைக் கிட்டத்தட்ட முழுக்க ஒதுக்கிவிட்டது. அதன் பிறகு, மூலக்கூறுகளை எடை போட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து, அந்த ட்ரோபோனினில் எந்தெந்த மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பதையும் பார்த்தார்கள். "ட்ரோபோனின் எவ்வளவு" என்று மட்டும் கேட்காமல் "எப்படிப்பட்ட ட்ரோபோனின்" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: வீட்டிலேயே பார்க்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தங்கம் இருக்கிறது என்று என் நாத்தனார் சொல்கிறாள். பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் ஜெயித்தது?
– ஒரு வாசகி

நாத்தனார்தான். பந்தயப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

நிறைய பட்டைகளில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு நானோ தங்கம். (சில கம்பெனிகள் சாயம் ஏற்றிய லேடெக்ஸ் மணியைப் போடும், அதனால் நீங்கள் வாங்கிய பட்டையைப் பொறுத்து அப்பீல் செய்ய வழி உண்டு.) தங்கம் சிவப்பாக இருப்பதைக் கூர்ந்து ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. 1857இல் தங்க உப்பை பாஸ்பரஸ் கொண்டு மாற்றி, ரூபிக் கல் நிறத்தில் ஒரு திரவம் செய்தார். அதற்குள் ஒளிக்கற்றையைப் பாய்ச்சிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியான தங்கம்தான் இந்த நிறத்தைத் தருகிறது என்று சொன்னார். அவர் செய்த புட்டிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. ஏன் இந்த நிறம் என்பதற்குக் கணக்கு வழியாக விடை சொன்னவர் குஸ்தாவ் மீ, 1908இல். சுமார் 20 நானோமீட்டர் தங்கத் துகளின் எலக்ட்ரான்கள் 520 நானோமீட்டர் பக்கத்து பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினால் நிறம் ஊதாவாக, நீலமாக மாறும். இந்த நிற மாற்றத்தையே ஒரு டெஸ்டாகப் பயன்படுத்துவதும் உண்டு.

பட்டைக்குள் நடப்பது இதுதான். ஒரு முனையில் திரவம் விழுகிறது. அங்கே ஆன்டிபாடி பூசிய தங்கத் துகள்கள் உலர்ந்து காத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் எழுந்து நடக்கின்றன, போகிற வழியில் கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு கோட்டில், அதே ஹார்மோனின் இன்னொரு பக்கத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஹார்மோன் இருந்தால் அது இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், தங்கம் அங்கே குவியும், கோடு தெரியும். ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே மாட்டாத தங்கம் நேராகப் போய் இரண்டாவது கோட்டில் நிற்கும். அந்த இரண்டாவது கோடு, "பட்டை வேலை செய்கிறது" என்று சொல்ல மட்டும். அது வரவில்லை என்றால் பட்டையைக் குப்பையில் போடுங்கள், ரிசல்ட்டை நம்ப வேண்டாம்.

மலேரியாவுக்கு விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் விரைவுப் பரிசோதனையும் இதே தங்கம், இதே நடைதான். பெரும்பாலும் அது தேடுவது ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெரு நாட்டில் இருப்பதாக 2010இல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு வேறு நாடுகளிலும் கண்டார்கள். நோயாளிக்கு மலேரியா இருக்கும், தங்கம் தன் வேலையைச் சரியாகச் செய்யும், கோடு வராது. பிடிப்பதற்கு ஆளே இல்லாதபோது துகள் என்ன செய்யும்?

கேள்வி: பழைய பட்டைகளைச் சேர்த்து உருக்கினால் மோதிரம் தேறுமா?
– பெயர் வேண்டாம் என்றவர்

ஒரு பட்டையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்குத் தங்கம். மோதிரத்துக்குப் பல லட்சம் பட்டைகள் வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நல்லதுதான்.

கேள்வி: நானோ துகள் மூளைக்குள்ளேகூடப் போய்விடும் என்கிறார்கள். இந்த டெஸ்ட் எடுத்துக்கொண்டால் ஆபத்தா?
– இரண்டு குழந்தைகளின் தாய்

டியூபுக்குப் போன ரத்தம் திரும்பி வருவதில்லை. துகள் உங்களைச் சந்திக்கவே போவதில்லை. ஊசி குத்தும் வலிதான் உங்களுக்கு, அது எந்த டெஸ்ட்டுக்கும் உள்ளதுதான்.

கவலைப்பட வேண்டியவர் லேபில் வேலை செய்பவரும், கழிவைக் கையாள்பவரும். குறிப்பாக குவாண்டம் டாட் என்ற ஒளிரும் துகள்கள் பலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும், அதை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுப் போக முடியாது.

உடம்புக்குள்ளேயே செலுத்திப் பார்க்கும் வழி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சங்கீதா பாட்டியாவின் குழு அதில் முன்னோடி. கட்டிகளில் சில என்சைம்கள் அதிகமாக இருக்கும். அந்த என்சைம் வெட்டினால் துணுக்குகள் உதிர்ந்து சிறுநீரில் வரும்படி துகளைச் செய்து எலிகளில் காட்டினார்கள். ரத்தத்தில் நோயைக் காட்டும் குறிப்பான் போதவில்லையா, சரி, நாமே ஒன்றைத் தயாரிக்க வைப்போம் என்ற யோசனை. அந்த வகைக்கு உங்கள் கேள்வி முழுக்கப் பொருந்தும். டியூபில் செய்வதற்குப் பொருந்தாது.

கேள்வி: ரத்தத்தில் போட்ட உடனேயே துகள் மேல் கண்ட கண்ட புரதமும் ஒட்டிக்கொள்ளும் என்று பாடத்தில் படித்தேன். அப்படியென்றால் ஆன்டிபாடி மறைந்துவிடாதா? பிறகு எப்படி வேலை செய்கிறது?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவர்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது, தம்பி.

ஒட்டிக்கொள்ளும், அதுவும் சில நொடிகளில். அந்தப் போர்வைக்கு புரதக் கொரோனா என்று பெயர். கென்னத் டாசன், சாரா லின்சே இருந்த குழு 2007இல் விரிவாக எழுதிய பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் விஷயம் பழையது. 1962லேயே லியோ வ்ரோமன் என்ற ரத்த ஆய்வாளர், கண்ணாடி போன்ற பரப்பில் ரத்தப் புரதங்கள் எப்படி ஒட்டுகின்றன என்று கவனித்தார். முதலில் எண்ணிக்கையில் அதிகமானது வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில், எண்ணிக்கை குறைவானாலும் பிடிப்பு அதிகமான வேறொரு புரதம் வந்து முதலாவதை எழுப்பிவிட்டு உட்காரும். இந்த இடமாற்றத்துக்கே வ்ரோமன் விளைவு என்று பெயர். அந்த மனிதர் டச்சு மொழியில் பேர் வாங்கிய கவிஞரும்கூட. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களின் கைதி முகாமில் இருந்துவிட்டு வந்து, ரத்தத்தையும் கவிதையையும் விடாமல் பார்த்துக்கொண்டு 2014இல் தன் 98ஆவது வயதில் காலமானார். ஆய்வுக் கட்டுரை படித்துக் களைத்துப்போகும் மாணவர்களிடம் இவரைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

இனி உங்கள் கேள்வி. ஆம், ஆன்டிபாடி மறையும். அதனால்தான் துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைகால் போன்ற வழுக்கும் பூச்சு, கேசீன் என்ற பால் புரதமோ வேறு ஆல்புமினோ முன்கூட்டியே பூசி இடத்தை அடைப்பது, கழுவும் நீரில் கொஞ்சம் டிடர்ஜென்ட் என்று ஆயிரம் வைத்தியம் செய்வார்கள். கிட் வாங்கும்போது அதன் பாதி ரகசியம் அந்தக் கழுவும் புட்டியில்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தவுடன் எல்லாரும் அலட்சியம் செய்வதும் அந்தப் புட்டியைத்தான்.

ஆனால் சிலர் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஒட்டுவதைத் தடுப்பானேன், ஒட்டட்டும், ஒட்டியதை எடுத்துப் படிப்போம் என்றார்கள். மேற்பரப்பின் தன்மை மாறினால் ஒட்டும் கூட்டமும் மாறும். பிடிப்புதான் முக்கியம் என்பதால், எண்ணிக்கை குறைந்த புரதத்துக்கும் உட்கார இடம் கிடைக்கும். ஆல்புமினின் ஆதிக்கம் தானாகக் குறைகிறது. 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த வேலையில், ஐந்து வகைத் துகள்களை வைத்து 141 பேருடைய பிளாஸ்மாவிலிருந்து (உறையவிடாமல் பிரித்த ரத்த நீரிலிருந்து) 2,000க்கும் மேற்பட்ட புரதங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடலாம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். முன்கூட்டியே ஆன்டிபாடி செய்து வைத்திருக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. பிளாஸ்மாவை மெஷினில் சரியாகச் சுழற்றிப் பிரிக்காமல் அதில் பிளேட்லெட் மிச்சம் கலந்திருந்தால், அதன் புரதங்களும் சேர்ந்து துகளில் ஏறும். எண்ணிக்கை பெருத்துத் தெரியும். "எத்தனை புரதம் பார்த்தோம்" என்று போட்டி போடும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எப்படிச் சுழற்றினார்கள் என்ற பத்தியை முதலில் தேடிப் படியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா நோயையும் சொல்லிவிடும் கருவி என்று ஒரு வீடியோ வந்தது. உண்மையா?
– வாட்ஸ்அப் குடும்பக் குழுவின் நிர்வாகி

குழுவில் போடாமல் என்னிடம் கேட்டதற்கு முதலில் நன்றி.

சில நோய்க்கு ஒரு சொட்டு போதும், சர்க்கரையும் மலேரியாவும் அதற்கு உதாரணம். எல்லா நோய்க்கும் போதாது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் போதாது. அதற்குக் காரணம் வெறும் எண்ணிக்கை. ஒரு குறிப்பான் அட்டோமோலார் அளவில் இருக்கிறது என்றால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 600 மூலக்கூறு. ஒரு சொட்டு என்பது 50 மைக்ரோலிட்டர் என்றால் அதில் 30. இன்னொரு சொட்டு எடுத்தால் 22 இருக்கலாம், 38 இருக்கலாம். எண்ணும் கருவி பிழையே செய்யாவிட்டாலும் விடை ஆடும்.

இன்னும் அரிதானதைப் பாருங்கள். ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய்ச் செல்களைப் பிடிக்க செல்சர்ச் என்று ஒரு முறை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கும் காந்த நானோ துகள்கள்தான் அதன் உயிர். 2004இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. பரவிய மார்பகப் புற்றுநோயில், 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐந்து செல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயின் போக்கு கடினம் என்று கொள்வார்கள். 7.5 மில்லிலிட்டர் என்றால் 150 சொட்டு. ஐந்து செல்லை 150 சொட்டில் பங்கிட்டால் 30 சொட்டுக்கு ஒன்று வரும். உங்கள் வீடியோக்காரர் எடுத்த சொட்டில் அது இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவின் தெரனோஸ் கம்பெனியின் கதை நினைவிருக்கும். விரல் நுனி ரத்தத்தில் எண்ணற்ற பரிசோதனை என்றார்கள். ரத்தம் பிடிக்கும் குட்டிக் குப்பிக்கு நானோடெய்னர் என்று பெயர்கூட வைத்தார்கள். 2015இல் பத்திரிகைகள் தோண்ட ஆரம்பித்தன, 2018இல் கம்பெனி கலைந்தது, 2022 ஜனவரியில் நிறுவனர் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக நடுவர் குழு தீர்ப்பு சொன்னது. அந்த விஷயத்தில் நானோ இருந்தது பெயரில் மட்டும்.

கேள்வி: சரி, ஒரு மூலக்கூறைப் பிடித்தாலும் அதை எப்படிப் பார்க்க முடிகிறது? அவ்வளவு சின்ன சிக்னலை எப்படிப் பெரிதாக்குகிறார்கள்?
– எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர்

உங்கள் துறை ஆம்ப்ளிஃபயர்தான் இங்கேயும், ஆனால் டி.என்.ஏ.யில் செய்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு 2003இல் சயன்ஸ் இதழில் எழுதிய பயோ-பார்கோடு முறையைச் சொல்கிறேன். பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தை ஒரு காந்தத் துகள் பிடிக்கிறது. மறு பக்கத்திலிருந்து ஒரு தங்கத் துகள் வந்து பிடிக்கிறது. அந்தத் தங்கத்தின் மேல் ஆன்டிபாடியோடு நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி டி.என்.ஏ. இழைகளும் தொங்கும். காந்தத்தால் எல்லாவற்றையும் ஓரம் கட்டிக் கழுவிவிட்டு, அந்த இழைகளை மட்டும் உதிர்த்து எண்ணுகிறார்கள். ஒரு புரதத்துக்கு நூற்றுக்கணக்கான இழை. 30 அட்டோமோலார் வரை இறங்கிக் காட்டினார்கள். அன்றைய சாதாரண பி.எஸ்.ஏ. டெஸ்ட்டோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு கீழே.

இன்ஜினீயர் என்பதால் அடுத்த கேள்வி நீங்களே கேட்டிருப்பீர்கள்: நாய்ஸ், அதாவது பொய்யான சிக்னல்? அதுவும் சேர்ந்தே பெருகும். பி.எஸ்.ஏ. இல்லாமலே ஒரு தங்கத் துகள் காந்தத் துகளில் வெறுமனே ஒட்டிக்கொண்டால், அதுவும் தன் நூற்றுக்கணக்கான இழைகளைக் கொட்டும். அதனால்தான் இந்தத் துறையில் எத்தனை அட்டோமோலார் என்று யார் பெருமையடித்தாலும் நான் முதலில் கேட்பது, தேடும் புரதமே இல்லாத வெறும் சாம்பிளில் எவ்வளவு வந்தது என்பதை. அதைச் சொல்லத் தயங்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு நான் டீ கொடுத்து அனுப்பிவிடுவேன், ஆர்டர் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: முடி வளர மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்த பெண் "அதை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறாள். சம்பந்தம் உண்டா?
– ஐ.டி. ஊழியர்

உண்டு. மாத்திரையில் பயோட்டின் இருக்கும். நிறைய டெஸ்ட்களில் ஆன்டிபாடியைத் துகளோடு கட்டும் கயிறே பயோட்டின்தான். உங்கள் ரத்தத்தில் அது மிதந்தால் கயிறு கட்டும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ட்ரோபோனின் உண்மையில் கூடியிருக்க, ரிப்போர்ட்டில் குறைவாக வரலாம். 2017இல் எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அந்தப் பெண் தன் வேலை தெரிந்தவள்.

கேள்வி: ஒவ்வொரு மாதமும் "ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் புதிய முறை" என்று செய்தி வருகிறது. அவை எல்லாம் அப்புறம் எங்கே போகின்றன?
– பள்ளி ஆசிரியர்

பெரும்பாலும் சாம்பிள் பெட்டியிலேயே புதைந்துபோகின்றன.

2002இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை. ரத்தப் புரதங்களின் கோலத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடுத்து, கணினியில் பிரித்து, சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடித்ததாக. நோயாளிகளில் நூற்றுக்கு நூறு பேரையும் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டது. உலகமே கொண்டாடியது. பிறகு புள்ளியியல் ஆட்கள் அதே தரவுகளை எடுத்துக் குடைந்தார்கள். வேறுபாட்டில் ஒரு பகுதி நோயால் வந்ததாகத் தெரியவில்லை, சாம்பிளைக் கையாண்ட விதத்தாலும் மெஷின் ஓடிய விதத்தாலும் வந்ததாகத் தெரிந்தது. அந்த டெஸ்ட் சந்தைக்கு வரவில்லை. அது நானோ துகள் வேலை இல்லை. ஆனால் நானோ துகள்காரர்கள் அத்தனை பேரும் படிக்க வேண்டிய கதை.

நான் வேலை பார்த்த ஒரு லேபிலும் இதன் குட்டித் தம்பி நடந்தது. காந்தத் துகள் கிட் ஒன்றைச் சோதிக்க, நோயாளிகள் ஒரு கூட்டம், ஆரோக்கியமானவர்கள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் பளிச்சென்று வித்தியாசம், ஆய்வாளர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. ஆரோக்கியமானவர்கள் யார் என்று கேட்டால், லேப் ஊழியர்கள். ரத்தம் எடுத்த அரை மணிக்குள் சுழற்றி உறைய வைத்தது. நோயாளிகளின் டியூப் வார்டில் மாலைவரை காத்திருந்து வந்தது. காத்திருக்கும் டியூபுக்குள் செல்கள் சும்மா இருப்பதில்லை, உள்ளே இருப்பதை வெளியே கசியவிடும், என்சைம்கள் புரதங்களை வெட்டிக்கொண்டே இருக்கும். துகள் அதையெல்லாம் மிக நேர்மையாகப் பிடித்துக் கொடுத்தது. அது கண்டுபிடித்தது நோயை அல்ல, வார்டு பையனின் டீ நேரத்தை. ஒரே நேரத்தில் எடுத்து ஒரே மாதிரி வைத்த சாம்பிள்களில் மறுபடி ஓட்டியபோது வித்தியாசம் காணாமல் போனது.

எதையும் பிடிக்கும் கூர்மை வந்த பிறகு, டியூபின் மூடி நிறம், அதில் இருக்கும் உறைவுத்தடுப்பான், ஃபிரிட்ஜில் எத்தனை முறை உருகி உறைந்தது என்பதெல்லாம் சேர்ந்தே பிடிபடும். சீரத்தில் வேலை செய்த முறை, இ.டி.டி.ஏ. என்ற உறைவுத்தடுப்பான் போட்ட பிளாஸ்மாவில் படுத்துவிடுவது சர்வ சாதாரணம்.

சரியாகப் பிடித்து, சரியாக எண்ணிய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே சொன்ன செல்சர்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். செல் எண்ணிக்கை நோயின் போக்கைச் சொல்கிறது, அதில் சந்தேகம் இல்லை. அப்படியானால் முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு மருந்தை உடனே மாற்றினால் கூடுதலாக வாழ்வார்களா என்று எஸ்0500 என்ற ஆய்வு பார்த்தது. 2014இல் முடிவு வந்தது. ஆயுள் கூடவில்லை. துகள் சொன்னது உண்மை, அந்த உண்மையை வைத்துச் செய்ய கையில் நல்ல மருந்து இல்லை.

கேள்வி: இவ்வளவு கூர்மையான டெஸ்ட் என்றால், எல்லாருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடலாமே?
– சமூக ஆர்வலர்

ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட், நோயாளிகளில் 99 சதவீதத்தைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விடும். ஒரு லட்சம் பேருக்கு எடுக்கிறோம். நோயாளிகள் 100 பேர், 99 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 99,900 பேரில் 4,995 பேருக்குத் தவறாக "பாசிடிவ்" வரும். ஆக, ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தூக்கம் இழக்கும் 5,094 பேரில் உண்மையாக நோய் உள்ளவர் 99 பேர், அதாவது நூற்றுக்கு இரண்டு. மற்றவர்களுக்கு ஸ்கேன், பயாப்சி, கடன்.

துகளை இன்னும் கூர்மையாக்கினால் 99 என்ற முதல் எண் மேலே போகும். இந்தக் கணக்கை மாற்றுவது 95 என்ற இரண்டாவது எண். அதைத் தூக்க ஒரே குறிப்பானை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது நோய் வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். கொஞ்சம் கூடியிருக்கிறது. நானோ முறையில் மறுபடி பார்த்தால் தெளிவாகுமா, மேடம்?
– கவலையுடன் ஒரு மகன்

ஆகாது. பி.எஸ்.ஏ. ஏற்கெனவே சாதாரண மெஷினில் தெளிவாகத் தெரியும் அளவில்தான் இருக்கிறது. ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. வயதால் புராஸ்டேட் வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் கூடும். எந்தத் துகளும் அதைப் பிரித்துச் சொல்லாது. தொற்று இருக்கிறதா என்று முதலில் சிறுநீரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளி விட்டு, முன்பு எடுத்த அதே லேபிலேயே மறுபடி எடுங்கள். லேபுக்கு லேப் ஆன்டிபாடி வேறு, அதனால் இரண்டு லேபின் எண்களை ஒப்பிடக் கூடாது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் எந்த மெஷின், எந்த முறை என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய நகலை நான் அழித்துவிட்டேன்.